ஊட்டைத் திருத்திய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்குக் காரியம் கெட்டது. நான் பேசும் முறை எப்போது வரும் என்று எங்கள் ஏற்காட்டு நூலகக் கூடத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது.

சேலத்தில் என் மகள் வரலாறு படிக்கும் பல்கலைக்கழகம், ஏற்காட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, எல்லோரும் ஒரே புத்தகத்தை வாசிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. தோல் நிறத்தை வைத்து மனிதரைத் தரம் பிரித்த வரலாறு. வாரம் ஓர் அத்தியாயம். ஞாயிறன்று மாணவர்களும் ஊர்க்காரர்களும் கூடிப் பேச வேண்டும். நான் இரண்டு பிரதி வாங்கினேன். எம்.ஏ. முடித்துவிட்டு இருபது வருஷமாக ஸ்வெட்டர் கடையில் உட்கார்ந்திருப்பவள் நான்; மகளோடு எதிரெதிரே உட்கார்ந்து படிக்க ஆசைப்பட்டேன்.

அவளோ வார இறுதியில் ஹாஸ்டலிலிருந்து வந்ததுமே தன் பிரதியோடு பக்கத்து மலைக்கிராமமான மாரமங்கலத்துக்கு பஸ் ஏறிவிடுவாள். அங்கே காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு வாசித்துக் காட்டுவாளாம். நான் செல்லமாக ‘சாமி’ என்று கூப்பிட்டால், “இன்னும் என்னம்மா சாமி” என்று முகம் சுளிப்பவள், அந்த அக்கா ‘கண்ணு’ என்றால் சிரிப்பாள். என் பிரதியில் பென்சில் கோடு இல்லாத பக்கமே இல்லை. ஒரு நாளும் அவள் அதைப் புரட்டவில்லை.

அன்று அந்த அக்கா எழுந்து பேசினார். “எங்க அப்பாருக்குப் பேரு வேறங்க. வெள்ளக்காரத் தொர ஊட்டுக்கு வேலைக்குப் போனப்ப, பேரு வாயில நொழையலேன்னு ‘கறுப்பா’ன்னு கூப்புட்டாராம். அப்பறம் ரேஷன் கார்டுலயும் கறுப்பந்தானுங்க.”

கூடமே அவரைப் பார்த்தது. என் மகள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்:

“ஊடு இல்லைங்க. வீடு.”

இலக்கணம் அல்ல, வயிற்றெரிச்சல். என் அம்மா வாயிலும் ஊடுதான். என் வாயில் அதைப் பள்ளிக்கூடத்தில் அடித்து வீடாக்கினார்கள்.

அந்த அக்கா, “செரிங்க” என்று உட்கார்ந்துவிட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“தொர பேர மாத்துனாரு. நீ ஊட்ட மாத்துற.”

பையை எடுத்துக்கொண்டு அந்த அக்காவோடு வெளியே போனாள்.

கடை மேல்மாடியில்தான் எங்கள் வீடு. நாலரையிலிருந்து சன்னலருகே நின்றேன். மாரமங்கலத்திலிருந்து வந்த பஸ்ஸில் அவள் இல்லை. போனை எடுக்கவில்லை. பனி இறங்கி எதிர்க் கடை போர்டு மறைந்தது. இனி வரவே மாட்டாளோ, சேலத்து ஹாஸ்டலுக்கே போய்விட்டாளோ என்று என்னென்னவோ நினைத்தேன். அவ்வளவு பயத்திலும், இந்நேரம் அங்கே யார் கையால் சாப்பிடுகிறாளோ என்ற எரிச்சல் விடவில்லை.

ஆறரைக்கு யாரோ படியேறும் சத்தம். மகளின் நடை இல்லை. கதவைத் திறந்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க அந்த அக்கா நின்றிருந்தார்.

“ஏனுங்கம்மா, இது உங்க ஊடுங்களா, வீடுங்களா?” என்றார். கேட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பாப்பா கீழ நிக்குது. அம்மா கோவம் போச்சான்னு பாத்துட்டு வரச் சொல்லுச்சுங்க.”