நிலக்கரி மெஷினில் ஆட்டு மூளை

யோசனை வந்த இடம் கேன்டீன். ஆபரேட்டர் ராமலிங்கம் அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து, உள்ளே இருந்த சுரைக்காய்க் கூட்டை முறைத்தார்.

"மூளை வறுவல தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. எல்லாம் கொலஸ்ட்ராலாம். நிலக்கரியிலேருந்து மெழுக உருவுனியே பாப்பா, மூளையிலேருந்து அந்தக் கருமத்த மட்டும் உருவ முடியாதா?"

பேர் ராமலிங்கம், ஊர் வடலூர், ஏக்கமோ ஆட்டு மூளைக்கு! எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஏன் முடியாது?

நெய்வேலியில் ஒரு சின்னத் தனியார் லேபில் நான் கான்ட்ராக்ட் கெமிஸ்ட். பழுப்பு நிலக்கரியிலிருந்து மெழுகு எடுக்க வாங்கிய சூப்பர்கிரிட்டிக்கல் மெஷின் என் பொறுப்பு. கார்பன் டை ஆக்சைடை முப்பத்தோரு டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல் எழுபத்துமூன்று மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை. வாயு மாதிரி இண்டு இடுக்கெல்லாம் நுழையும், திரவம் மாதிரி கொழுப்பைக் கரைக்கும். அழுத்தத்தை இறக்கினால் கேஸ் போய்விடும்; கரைந்த சரக்கு தங்கிவிடும்.

மெழுகு வேலை முடிந்ததிலிருந்து மெஷின் சும்மா கிடந்தது. அதன் வயிற்றில் சாக்பீஸால் 'ஸ்க்ராப்' என்று எழுதியும் ஆயிற்று. லேப் ஹெட் வசந்தி மேடத்திடம் ஓடினேன்.

"மூளையா? கொலஸ்ட்ரால்னா மருந்துக் கம்பெனிக்குத் தேவைப்படுற சாமான்தான். வெள்ளிக்கிழமை ஸ்க்ராப் லாரி வருது. அதுக்குள்ள கையில எதையாவது காட்டு. இல்லன்னா மெஷின் லாரியில ஏறிடும்."

திங்கட்கிழமை காலை மார்க்கெட்டில் நான்கு மூளை வாங்கினோம். ஈரம் இருந்தால் கேஸ் கொழுப்பைச் சரியாக எட்டாது. முதலில் காயவைக்க வேண்டும். இங்கேதான் சறுக்கினோம். நிலக்கரி லேபில் 'காயவை' என்றால் கை தானாக அடுப்பை நூற்றைந்து டிகிரிக்குத் திருப்பும். நானும் திருப்பினேன், அண்ணனும் தலையாட்டினார்.

அரை மணியில் வராந்தா முழுக்க வாசனை. செக்யூரிட்டி தட்டோடு வந்து நின்றார்.

"யாரு வூட்டு விசேஷங்க? எங்களுக்குச் சொல்லவேயில்ல!"

மூளை வெந்து, இறுகி, கல்லாகிவிட்டது. அதையும் விடாமல் இடித்து மெஷினில் போட்டுப் பார்த்தேன். மாலை வரை ஓட்டியும் அடியில் மஞ்சள் பிசுக்கு மட்டும்தான். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடு பாப்பா, ஆட்டுக்கு இன்னொரு மூளையா இல்ல?" என்றார்.

செவ்வாய்க்கிழமை புது மூளை. இந்த முறை காற்றை உறிஞ்சிவிடும் வாக்குவம் அடுப்பு, நாற்பது டிகிரி. வியாழன் காலை வரை பொறுத்திருந்தது என் வாழ்நாள் சாதனை! காய்ந்ததைப் பொடித்து, கட்டிதட்டாமல் இருக்கக் கண்ணாடி மணிகளோடு கலந்து நிரப்பினோம். அறுபது டிகிரி சூடு, முந்நூறு பார் அழுத்தம்.

சாயங்காலம் சரக்கு சேரும் பாத்திரத்தைக் கழற்றினால், அதன் உட்சுவரில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைப் பொடி. நான் குதித்ததில் ஒரு பீக்கர் உடைந்தது.

வெள்ளிக்கிழமை. வெளியே லாரி ஹாரன். மேடம் முன்னால் பொடியைக் குளோரோஃபார்மில் கரைத்து, அசெட்டிக் அன்ஹைட்ரைடும் சல்ஃப்யூரிக் ஆசிடும் சொட்டுச் சொட்டாக விட்டேன். கொலஸ்ட்ரால் இருந்தால் பச்சையாக வேண்டும். முதலில் ரோஸ். அப்புறம் ஊதா, நீலம், கடைசியில் நல்ல கரும்புத் தோகைப் பச்சை.

"லாரிக்காரருக்குப் பழைய ஏசியைக் காட்டுங்க" என்றார் மேடம்.

அண்ணன் சட்டைக் கையாலேயே 'ஸ்க்ராப்'பை அழித்துவிட்டு, கொலஸ்ட்ரால் போன மூளைச் சக்கை இருந்த தட்டை எட்டிப் பார்த்தார்.

"இத வறுக்கலாமா?"

"நிலக்கரி வெந்த பாத்திரம்ணே. வாயில வைக்கக் கூடாது."

"வறுவல் கேட்டா மூக்குப்பொடி மாதிரி தர்றியே!"

நான் கற்றது இதுதான்: மெஷின் பழசாக இருக்கலாம், கைப்பழக்கம் பழசாக இருக்கக் கூடாது. புதுச் சரக்கு வந்தால், எத்தனை டிகிரி என்று முதலில் அந்தச் சரக்கைக் கேட்க வேண்டும்.

உணவுக்கென்றே தனியாக ஒரு ஸ்டீல் பாத்திரம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது வந்ததும் அடுத்து முட்டை மஞ்சள் கருப் பொடி. கொலஸ்ட்ராலை உருவிவிட்டு மிச்சத்தில் ஆம்லெட் போட வருமா என்று பார்க்க வேண்டும். டாக்டரிடம் கேட்காமல் தரமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் அதற்குள் வெங்காயம் எத்தனை என்று கேட்கிறார்.