கமருன்னிஸா இருந்த பத்தியம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதுக்காக கமருன்னிஸா விஷயத்துல நான் சொன்னது எதுவும் தப்பாப் போயிரல. கமரு என் தம்பி ஜெக்கரியா பொண்டாட்டி, என்னை அக்கா முறைக்கு லாத்தான்னு கூப்பிடுவா. திருவிடைமருதூர்ல அவ வீடும் என் வீடும் ஒட்டுச்சுவர். என் புருஷன் மவுத்தானதுக்கு அப்புறம் பாதிப் பொழுது நான் அவ வீட்டுலதான் கிடக்கேன். இத்தனை வருஷத்துல அவ அழுது நான் பார்த்ததில்ல. சிரிச்சும் அதிகம் பார்த்ததில்ல.

சீர்காழியிலேர்ந்து அவளைக் கட்டிக்கிட்டு வந்தோம். கல்யாணம் ஆன கையோட தம்பி சார்ஜா கிளம்பிட்டான். அந்த நேரத்துல எங்க தெருவுல மீசை முளைச்சவன் ஊர்லயே தங்கிட்டா அவனுக்கு ஏதோ குறைன்னு பேசுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், ஒரு மாசம் இருப்பான், போயிருவான். மக ஆஷிகா பொறந்தது, படிச்சது, காரைக்கால்ல கட்டிக் குடுத்தது எல்லாம் அப்படியே நடந்து முடிஞ்சுது. "அவன் இல்லாம கஷ்டமா இல்லையாடி?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "இருந்திருந்தாத்தானே, லாத்தா, இல்லாதது தெரியும்"னா. அதையும் அரிசி களைஞ்சுக்கிட்டேதான் சொன்னா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் அவன்கிட்டேர்ந்து போன் வரும். இப்ப மாதிரி முகத்தைப் பார்த்துப் பேசுற போனெல்லாம் அப்ப கிடையாது. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். மழை பெஞ்சுதா, பெஞ்சுது. அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இருக்காது. ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டு இவ சுவத்தைப் பார்த்து நிப்பா. அவன் வச்சதும் இவளும் வச்சுட்டு நேராப் போயி பாத்திரம் விளக்குவா. பார்க்குற எனக்குத்தான் வயித்தெரிச்சலா இருக்கும்.

அப்படி இருக்கையில அவனுக்கு உடம்பு பூரா தடிப்புத் தடிப்பா அரிப்பு வந்துருச்சு. மாத்திரை போட்டா நிக்குது, விட்டா வந்துருது. தஞ்சாவூர்ல தங்கையன்னு ஒரு இயற்கை வைத்தியர் இருக்காரு, ஊசி குத்தாம, ரத்தம் எடுக்காம எந்தச் சாப்பாடு ஒத்துக்கலைன்னு கண்டுபிடிச்சுருவாருன்னு ஒரு கல்யாண வீட்டுல யாரோ கமருகிட்ட சொல்லிட்டாங்க. ஆளு வெளிநாட்டுல இருந்தாலும் பரவால்ல, போட்டோ போதுமாம். நான்தான் துணைக்குப் போனேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மாடி. மேசை மேல சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பி, ஒவ்வொண்ணுலயும் ஒரு பொருள். வைத்தியரு ஜெக்கரியா போட்டோவை கமரு மடியில வச்சாரு. இடது கையில ஒரு குப்பியைக் குடுத்தாரு. வலது கையை நேரா நீட்டச் சொல்லி, "தாங்கிக்குங்கம்மா"ன்னு ரெண்டு விரலால மணிக்கட்டை அமுக்குனாரு. கை நின்னா அந்தச் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கும். இறங்குனா ஒத்துக்காது. பச்சரிசிக்கு நின்னுச்சு, புழுங்கல் அரிசிக்கு இறங்கிருச்சு. கத்திரிக்காய், ஆட்டுக்கறி, முட்டை எல்லாத்துக்கும் இறங்கிருச்சு.

எனக்குப் பொறுக்கல. "ஏங்க, கை இவளோடது, வயிறு அவனோடது. இது எந்த ஊரு கணக்கு?"ன்னு கேட்டேன்.

அவரு கோவிச்சுக்கல. "புருஷன் பொண்டாட்டி உடம்பு ரெண்டு இல்லம்மா, ஒண்ணுதான். கடல் தாண்டி இருந்தாலும் ஒண்ணுதான்"னாரு.

கமரு அவரை நிமிர்ந்து பார்த்தா. அவ முகத்துல ஒரு உசுரு வந்ததை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். அவளுக்கு வேண்டியது வைத்தியமே இல்ல. அந்த ஒரு பேச்சுதான். அதை யாரும் அவகிட்ட அதுவரைக்கும் சொன்னதில்ல.

அடுத்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து போன் மாறிப் போச்சு. "கறி தொடக்கூடாது, ஆமா. முட்டையும்தான். மெஸ்ஸுல சொல்லிருங்க. புழுங்கல் அரிசி வேணாம், கேட்டீங்களா?" சத்தம் போட்டு, அதட்டி, உரிமையாப் பேசுனா. அந்தப் பக்கம் அவன் சரி சரின்னு கேட்டுக்குவான். மாசா மாசம் போட்டோவை எடுத்துக்கிட்டு தஞ்சாவூர் போவா. வைத்தியரு ஒரு மாசம் பூசணிக்காயை எடுப்பாரு, ஒரு மாசம் நிலக்கடலையைச் சேர்ப்பாரு. கறி, முட்டை, கத்திரிக்காய் மட்டும் திரும்பி வரவே இல்ல. அரிப்பு நின்னுருச்சுன்னு அவன் சொன்னான். ஆனாலும் இவ விடல. லீவுல வந்தவனை வைத்தியர்கிட்ட நேர்ல வாங்கன்னு கூப்பிட்டா. "உன் கையே போதும் கமரு"ன்னுட்டான். அந்த ஒரு மாசமும் இவ வைக்கிற பத்தியச் சமையலைத் தின்னுட்டு பிளேன் ஏறிப் போயிட்டான்.

இதுல என்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஒண்ணு உண்டு. அவனுக்கு ஆகாதது எதையும் இவளும் தொடல. எங்களுக்குச் சொந்த வயல் இருக்கு, வீரையன் குத்தகைக்குப் பார்க்குறாரு. வருசா வருசம் வீட்டுக்கு நெல்லு வருது, அவிச்சு அரைச்சுப் புழுங்கலா வச்சுக்குவோம். இவ தனக்குன்னு ஒரு மூட்டையைப் பச்சரிசியா அரைச்சு வச்சுக்குவா. தெருவுல யாரு வீட்டுக் கந்தூரி விருந்துன்னாலும் தால்சா வைக்க இவளைத்தான் கூப்பிடுவாங்க. பருப்பு, கறி, கத்திரிக்காய் போட்டு இவ வச்சா அடிச்சட்டி வரைக்கும் வழிச்சுத் தின்பாங்க. அதை அவ நாக்குல வைக்க மாட்டா. "லாத்தா, உப்புப் பாருங்க"ன்னு கரண்டியால என் கையில ஊத்துவா. "ஏண்டி, உனக்கென்ன அரிப்பு?"ன்னா, அடுப்புப் பக்கம் திரும்பிக்குவா. ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடிப்போச்சு.

சார்ஜாவுல ஆளைக் குறைச்சாங்க. ஜெக்கரியா போதும்னு மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து சேர்ந்தான். வந்த வாரமே கமரு அவனைத் தஞ்சாவூருக்கு இழுத்துக்கிட்டுப் போனா. நானும் போனேன்.

தங்கையன் அவன் கையிலயே குப்பியைக் குடுத்து அமுக்குனாரு. கறிக்குக் கை நின்னுச்சு. முட்டைக்கு நின்னுச்சு. கத்திரிக்காய்க்கும் நின்னுச்சு. இரும்புக் கம்பியாட்டம் நின்னுச்சு. அவரு சிரிச்சாரு. "பத்தியம் ஒழுங்கா இருந்ததுனால உடம்பு சுத்தமாயிருச்சு. இனிமே எல்லாம் சாப்பிடலாம். உங்க சம்சாரத்துக்குத்தான் நன்றி சொல்லணும்"னாரு. கமரு முந்தானையை இழுத்து தலையில சரியாப் போட்டுக்கிட்டா. அவளுக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷம்னு எனக்குத் தெரியும்.

பஸ்ஸுல அவங்க ரெண்டு பேரும் ஒரு சீட்டு, நான் பின் சீட்டு. அய்யம்பேட்டை தாண்டுனதும் அவதான் ஆரம்பிச்சா. "நீங்க கட்டுப்பாடா இருந்தீங்க, அதான் குணமாயிருச்சு."

அவன் முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டான். அப்புறம் சொன்னான். "நான் எதையும் விடல கமரு. நாங்க தங்குன கேம்ப்புல முப்பது பேருக்கு ஒரே சட்டி. என்ன போடுறாங்களோ அதைத்தான் தின்னேன். கேம்ப் மாத்துனாங்க, அரிப்புப் போயிருச்சு."

"அப்ப ஏன் சரி சரின்னீங்க?"

"வேற என்ன இருந்துச்சு நமக்குள்ள பேச? அதைச் சொல்றப்பதான் நீ பொண்டாட்டி மாதிரி பேசுன. வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

எனக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. "டேய், அவ கறியும் கத்திரிக்காயும் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமாடா? நீ வந்து போற ஒரு மாசம் இல்ல, வருஷம் பூரா. உனக்காக"ன்னேன்.

அவன் முகம் செத்துப் போச்சு. "நீ ஏன் விட்ட?"ன்னு மெதுவாக் கேட்டான்.

"வைத்தியருதான் சொன்னாரே, நம்ம ரெண்டு பேரு உடம்பும் ஒண்ணுன்னு."

கோவமா சொல்லல, அழுதும் சொல்லல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. வெளியில குறுவை நடவு நடந்துக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "பாபநாசம் வந்துருச்சு"ன்னா.

மறுநாள் நானே அடுப்புல நின்னேன். நெய்ச்சோறு, கறியும் கத்திரிக்காயும் போட்டுத் தால்சா. எங்க பக்கம் விசேஷம்னா சஹன்லதான் சாப்பாடு. பெரிய தட்டு ஒண்ணு, சுத்தி உட்கார்ந்து ஆளாளுக்குத் தன் பக்கத்திலேர்ந்து எடுத்துச் சாப்பிடுறது. ஒரு தட்டுல கை வச்சாவது மனசு சேரட்டும்னு ரெண்டு பேரையும் எதிரும் புதிருமா உட்கார வச்சேன்.

ஜெக்கரியா நல்ல கறித்துண்டாப் பார்த்து, எலும்பை எடுத்துட்டு அவ பக்கம் வச்சான். கூடவே ஒரு கத்திரிக்காயும்.

கமரு அதை ஒரு விரலால அவன் பக்கமே தள்ளி விட்டா. "நீங்க சாப்பிடுங்க. எனக்கு ஒத்துக்காது."

"யாருடி சொன்னா ஒத்துக்காதுன்னு?"ன்னு நான் கத்துனேன். "அது அவனுக்குப் பார்த்ததுடி. உனக்கு யாரு பார்த்தா?"

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. போன்ல பேசுறப்ப சுவத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அன்னைக்கு இறங்குன கை என்னோடதுதானே லாத்தா"ன்னா.

அவ தன் பக்கத்துச் சோத்தை வெறுஞ்சோறாப் பிசைஞ்சு சாப்பிட்டா. அவன் தலையைத் தூக்காம கறியைத் தின்னான். நான் எந்திரிச்சுப் போயி ரெண்டு பேருக்கும் தண்ணி மொண்டுக்கிட்டு வந்து வச்சேன்.