பெர்னதெத்தின் வலது கை

பல்லைச் சுத்தம் செய்கிறவளுக்குத் தோள்பட்டை ஏன் எரிய வேண்டும்? பெர்னதெத்தின் கதை தெரிவதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

பெர்னதெத்துக்கு முப்பத்து நான்கு வயது. வைட்ஃபீல்டில் ஒரு பல் கிளினிக்கில் ஒன்பது வருஷமாகப் பல் சுத்தம் செய்கிறாள். நாற்காலியில் சாய்ந்தவரிடம் "தலையைத் திருப்புங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. கஸ்டமருக்குத் தொந்தரவு கூடாதென்று தன் கழுத்தையும் முதுகையும் முறுக்கிக்கொள்வாள். பல்லில் படிந்த காறையைச் சுரண்டும் ஸ்கேலர்களோ மழுங்கிக் கிடந்தன. அழுத்தி அழுத்தித் தோள்பட்டை எரிந்தது; வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போயின. அந்தக் கை போனால் வேலையும் போனதுதான். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஒன்பதாவது ஆள். கடைவாய்ப் பல்லில் அழுத்தும்போது விரல்கள் சட்டென்று விட்டன. ஸ்கேலர் வழுக்கி ஈறைக் கிழித்தது. ரத்தம் கொப்பளித்தது.

நாற்காலியில் இருந்தவர் எழுந்த வேகத்தில் அவளை அறைந்தார். ட்ரேயை எட்டி உதைத்தார். அவள் முடியைப் பிடித்து அலமாரியில் மோதினார். எரிந்துகொண்டிருந்த தோள்தான் முதலில் இடித்தது.

"என் வாய் என்ன வைட்ஃபீல்ட் ரோடா, தோண்டிப் போடறதுக்கு?"

கிளினிக்கை நடத்தும் டாக்டர் பார்கவி ஓடிவந்து விலக்கினார். ஈறுக்குத் தையல் போட்டு அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"மொகத்தக் கழுவிக்கோ பெர்னி. அடுத்த பேஷண்ட் வெயிட் பண்றாங்க."

பெர்னதெத்தின் உதட்டிலும் ரத்தம். கழுவி வைத்திருந்த ஸ்கேலர் ஒன்றை எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தின்மேல் இழுத்தாள். கூர் இருந்தால் நகம் சீவிக்கொண்டு வரும். வழுக்கியது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வழுக்கியது.

"பாத்தீங்களா டாக்டர்? ஈறு கிழிஞ்சது என் தப்பு. அறைஞ்சது அந்தாளு தப்பு. இது உங்க தப்பு. ரெண்டு வெரல் செத்துப்போச்சு எனக்கு."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா வேற ஆள வெச்சிருப்பீங்க."

பெர்னதெத் ஸ்கேலரை மேசைமேல் வைத்தாள்.

"எல்லாத்தயும் தீட்டாம இனிமே தொடமாட்டேன். ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல கை ஆறணும். முடியாதுன்னா இப்பவே கெளம்பறேன்."

டாக்டர் வெளியே போய், காத்திருந்தவர்களைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். பிறகு சாணைக்கல்லைத் தேடி எடுத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தீட்டினார்கள். முடிந்ததும் பெர்னதெத் வீங்கிய கன்னத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அடித்தவர்மேல் புகார் கொடுத்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் கையை ஆறவிட்டாள். மூன்று மாதத்தில் ஒரு விரலுக்கு உணர்வு திரும்பியது. இன்னொன்றுக்கு இதுவரை இல்லை.

ஊசி, கத்தரி, உளி என்று எதையாவது பிடித்து உழைக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். விரல் மரத்த முதல் நாளே வெளியே சொல்லிவிட வேண்டுமென்று, இவள் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.