உள்ளே விட்ட துணி

குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டுதான் தையல்காரம்மா பாடம் படிப்பார். மெஷினுக்கு எதிர்ச் சுவரில் பாடப்புத்தகத் தாள் ஒன்று குத்தியிருக்கும். கால் மிதிக்கும், கண் வரிகளில் ஓடும், உதடு அசையாது. தொண்டைக்குள் மட்டும் ஒரு முனகல்.

"என்னம்மா, ராஜா செத்தாச்சா?" என்பார், பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் கணவர்.

ஊசிகளை எடுத்த பிறகுதான் பதில் வரும். "சண்டையே இன்னும் முடியலைங்க."

யாருக்குத் தைத்தாலும் உள்ளே தாராளமாகத் துணி விடுவார். "ஒடம்பு இப்படியேவா இருக்கும்? நாளைக்குப் பிரிச்சு விடணும்ல?" உள்ளூர்க் கல்லூரியின் பட்டமளிப்பு அங்கிகளும் இவர் தைத்தவைதான். வருஷா வருஷம் யார் யாரோ போட்டுக் கழற்றியவை, கிழிசல் தைக்க இங்கேயே திரும்பி வரும்.

ஐம்பதைத் தாண்டி அதே கல்லூரியில் அஞ்சல் வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். எல்லாம் தேறியது; ஆங்கிலம் மட்டும் காலை வாரியது. ஒவ்வொரு பதிலையும் இறுக்கமாக எழுதி, கீழே பாதிப் பக்கத்தை வெறுமனே விட்டிருக்கிறார், பிறகு வந்து விரித்து எழுதலாமென்று. அதற்குள் மணி அடித்துவிட்டது.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "பரீட்சைப் பேப்பர் என்ன ஜாக்கெட்டாம்மா, பிரிச்சு விடறதுக்கு?"

"பழக்க தோஷம்டி."

"படிப்ப முடிக்கிற கெடு நெருங்கிடுச்சு, இன்னும் ஒரே சான்ஸ்தான். அதையும் விட்டா, படிச்சது மொத்தமும் போச்சு. தெரியும்ல?"

அந்தக் கடைசித் தடவை எழுதிவிட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மூச்சு விடக்கூட எடம் விடலடி!" என்றார். தேறிவிட்டார்.

விழா நாளில், அங்கிகள் குவிந்த மேசை முன் அவரால் வரிசை நகரவில்லை. ஒன்றை எடுப்பார், உள்தையலை விரலால் தடவுவார், வைத்துவிடுவார்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. ஏதாச்சும் ஒண்ண மாட்டிக்குங்க" என்றார் ஊழியர்.

"கொஞ்சம் இருங்க தம்பி."

அடியிலிருந்து ஒன்றை உருவினார். தடவினார். முகம் மலர்ந்தது. போட்டுக்கொண்டபோது தோளிலிருந்து கணுக்கால் வரை கச்சிதமாக நின்றது.

அது எப்படி என்பது பிறகொரு நாள், கணவர் சொல்லித்தான் தெரிந்தது.

"மொத மொதல்ல ஆர்டர் வந்தப்பவே ஒண்ண மட்டும் தன் அளவுக்கு வெட்டிட்டா. அப்ப காலேஜ்ல சேர்ற நெனப்பு இருந்ததா, அவளுக்குத்தான் தெரியும். ரிப்பேருக்கு வர்றப்பல்லாம் தேடி எடுத்து, தன் ஒடம்புக்குத் தக்கன பிரிச்சு பிரிச்சு விடுவா."

சட்டை ஒன்றில் தண்ணீர் தெளித்தார்.

"இனிமே விட அதுல துணி இல்ல" என்று சிரித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை அழுத்தி இழுத்தார்.