செவலை விழுந்த காலை

ராஜகீழ்ப்பாக்கத்தில் தனக்கோடிக்கென்று யாரும் இல்லை. புருஷன் செத்த பிறகு மைத்துனர்கள் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஒரு கொட்டகையும், செவலை என்ற ஜெர்சிக் கலப்புப் பசுவும் அவளுக்கு மிஞ்சின. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அவள் வெறும் பால்காரம்மா.

1988 ஐப்பசியில் செவலை மூன்றாவது கன்று போட்டது. மடி கொள்ளாத பால். தனக்கோடி சந்தோஷத்தில் ஒட்டக் கறந்தாள். மறுநாள் காலை பசு எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது. காதைத் தொட்டாள், சில்லென்றிருந்தது.

மாட்டு டாக்டரைக் கூட்டிவர வேண்டும். தனியே விட்டுப்போகவும் மனசு வரவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அஜீசா எட்டிப் பார்த்தாள். கணவன் துபாயில்; படுத்த படுக்கையான மாமியாருக்குத் துணையாக இருந்த இளம்பெண்.

“எம்மா, மாடு வுழுந்து கீது. நான் வர்ற வரிக்கும் தலைய புடிச்சுக்கினு இரு. சாஞ்சா வயிறு ஊதிக்கும்.”

“எனக்கு மாடுன்னா பயம்க்கா.”

“எனக்கும் இப்ப பயமாத்தான் கீது.”

அஜீசா வந்துவிட்டாள்.

டாக்டர் யக்ஞநாராயணன் ஸ்கூட்டரில் வந்து பார்த்ததுமே, “பால் காய்ச்சல்” என்றார். “பேருதான் காய்ச்சல், உடம்பு சில்லுனு ஆயிடும். ரத்தத்துல இருக்கற சுண்ணாம்புச் சத்து பால்ல எறங்கிடுச்சும்மா. அப்புறம் எப்படி நிக்கும்? கன்னு போட்ட ரெண்டு மூணு நாளைக்கு முழுசா கறக்காதீங்க.”

கழுத்து நரம்பில் கால்சியம் மெதுவாக இறங்கியது. செவலையின் உடம்பு நடுங்கியது. பெரிய ஏப்பம் விட்டது, சாணி போட்டது. பிறகு பின்னங்காலை ஊன்றி எழுந்தது.

“எழுந்துடுச்சுக்கா!” புடவையெல்லாம் எச்சிலோடு அஜீசா சிரித்தாள்.

அதன்பின் தினமும் வந்தாள். கன்றைத் தடவியபடி துபாய்க் கதை சொல்வாள், தனக்கோடி தவிடு பிசைந்துகொண்டே கேட்பாள். மறு வருஷம் மாமியார் இறந்துபோக, கணவன் வந்து அவளை அழைத்துப் போனான்.

அடுத்த ஈற்றுக்கு தனக்கோடி மடியில் பாலை மிச்சம் விட்டே கறந்தாள். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். செவலை நின்றபடி வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. காது கதகதப்பாக இருந்தது.

எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் வெளியே வந்தார்.

“சார், இந்தத் தபா மாடு வுழல.”

“அப்படியா, நல்லதும்மா” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.