இருபது வயது ரத்தமும் கழுக்குன்றத்துப் படிகளும்

1977 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை மல்லிகாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் எங்கேயாவது போய் வர வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

எனக்கு இருபது வயது, அவளுக்குப் பதினெட்டு. பதிமூன்றிலிருந்து எனக்குச் சர்க்கரை வியாதி. தினமும் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்துப் போட்டுக்கொள்வேன். மாப்பிள்ளை வீட்டாரிடம், பெரியவளுக்கு உடம்பு கொஞ்சம் சுகமில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

காலை ஏழே காலுக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர், ஆளுக்கு அறுபது பைசா. மலைக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள். மல்லிகா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் எனக்கு மார்பு இறுகியது. உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா, குந்திக்கின?"

"ஒண்ணுமில்ல, நீ போ."

இரண்டு நாள் முன்பு டாக்டர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டியிருந்தார். "சர்க்கரை இப்படி ஏறி இறங்கினா ரத்தத்துல இருக்கற கொழுப்பும் கெட்டுப்போகும்மா. துணுக்குத் துணுக்கா ரத்தக்குழாய்ச் சுவர்ல படியும். அறுபது வயசுல வர்ற இதயக் கோளாறு உனக்குச் சீக்கிரமே வரலாம்" என்றார். வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. மேலே பார்த்தேன். மூச்சுகூட வாங்காமல் அவள் கையாட்டிக்கொண்டிருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே என்று எனக்குப் பற்றி எரிந்தது.

அவள் இறங்கி வந்ததும் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினோம், அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர். பன்னிரண்டரைக்குக் கடற்கரையில் இருந்தோம். நான் கட்டிவந்த சப்பாத்தியைப் பிரித்தேன். அவள் ஒரு தட்டு கேசரி வாங்கினாள். என்னைப் பார்த்ததும் அதைத் தள்ளி வைத்தாள்.

"நீ துன்னலன்னா எனக்கும் வேணாம்க்கா."

அந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தாங்கவில்லை. "உனக்கின்னாடி? கல்யாணம் கீது, ஓடறதுக்குக் காலு கீது. என் ரத்தம் கெட்டுப்போயி ஹார்ட்டுக்கே வந்துகினு கீது, தெரியுமா?" என்று கத்தி, டாக்டர் சொன்னதையெல்லாம் கொட்டினேன்.

மல்லிகாவின் முகம் வெளுத்தது. "மாப்ள வூட்ல சொல்லிடாதக்கா" என்றாள். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னிடம் இருந்த ஒன்றைக் கண்டு அவள் பயந்தது அதுதான் முதல் தடவை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். படி சூடேறுவதற்குள், ஒன்பது மணிக்கு முன்பே மலை ஏறிவிடுங்கள். ஊசி போடுகிறவர்கள் சாப்பிடாமல் ஏறாதீர்கள்; சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போடப் பையில் கற்கண்டு இருக்கட்டும். மார்பு இறுகினால் கீழே இறங்கி டாக்டரைப் பாருங்கள், கூட வந்தவரிடம் மறைக்காதீர்கள். இளவயதில் சர்க்கரை வந்தவர்கள் கொழுப்பையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாளிலிருந்து ஊசியையும் சாப்பாட்டையும் நான் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். அதனால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அடுத்த வாரம் மல்லிகா யாரையும் கேட்காமல் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதி, என் வியாதியையும் டாக்டர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். பத்து நாள் பதில் இல்லை. வீடே அவளைத் திட்டியது. பதினோராம் நாள் அவர் நேரில் வந்தார், கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. மணமேடையில் அவளைப் பார்த்தபோது நகையோ மாப்பிள்ளையோ என் கண்ணில் படவில்லை. அப்படி ஒரு கடிதத்தை எழுத என் தங்கையால் முடிந்ததே என்றுதான் பொறாமைப்பட்டேன்.