கடலில் இறங்க ஒன்றரை நாள் பட்டினி

ரத்தம் முதலில் தெரிந்த அன்று நான் பார்லி காய்ச்சினேன்.

மலத்தோடு நூல் போல வந்தது. சூடு என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் எல்லா நோய்க்கும் அந்த ஒரு பெயர்தான். கண் எரிந்தால் சூடு, கட்டி வந்தால் சூடு, பிள்ளை எதிர்த்துப் பேசினால் அதுவும் சூடு. மலேசியாவில், சுங்காய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். தோட்டம் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகி, நாங்கள் ஈப்போவுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. இந்த வைத்தியம் மட்டும் எங்கள் கூடவே வந்துவிட்டது. பார்லி, இளநீர், ஊறவைத்த வெந்தயம், வெள்ளிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய். பத்து மாதம் இப்படியே ஓட்டினேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி ரத்தம் போகிறது என்றால், பார்லியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். மீதியை வந்து படிக்கலாம்.

அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குள் காற்றை அடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் போனபோது, மெலிந்துவிட்டேன் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் வேலையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் சேகர் லாரியை யார் வீட்டு முன்னாலோ நிறுத்திவிட்டு வந்து, என்னை அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராவைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) முடிவு வர இரண்டு வாரம். மலக்குடலில் புற்றுநோய். கட்டி மிகவும் கீழே, ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. முதலில் கதிர்வீச்சும் கீமோவும், பிறகு அறுவைச் சிகிச்சை. கட்டியோடு மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்துவிட்டுக் கீழே தைத்து மூடிவிடுவோம் என்று அறுவை மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். வயிற்றின் இடப்பக்கம் ஒரு வட்டம் போட்டார். அதுதான் ஸ்டோமா (குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்த வாய்). அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும், மலம் அதில் வந்து விழும்.

"எத்தன மாசத்துக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் பக்கத்தில் நின்ற தாதியைப் பார்த்தார். ஸ்டோமா நோயாளிகளுக்காகவே இருக்கும் தாதி, சிஸ்டர் ரீத்தா. அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இனிமே இப்படித்தான்க்கா. பழகிக்கலாம். நான் இருக்கேன்."

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சேகர் லாரி ஓட்டும் விதத்தைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

சிகிச்சையைப் பற்றி நிறைய எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கீமோவில் வாய் புண்ணானது, விரல் நுனி மரத்துப்போனது. அறுவைக்குப் பிறகு உட்கார ஒன்றரை மாதம் பிடித்தது. நோய் போய்விட்டது என்று ஸ்கேன் சொன்னது. சொந்தக்காரர்கள் கேக் வாங்கி வந்தார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் கெட்ட காலம் தொடங்கியது.

மாதத்தில் மூன்று நாள் சாமி அறைக்குள் போகாமல் ஒதுங்கியிருந்து பழகியவள் நான். இப்போது என் மேலேயே மலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எந்த நேரமும். அப்படியானால் முப்பது நாளும் ஒதுங்க வேண்டியதுதானே? யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானே சட்டம் போட்டு நானே கீழ்ப்படிந்தேன். விளக்கைச் சேகர் ஏற்றினார், திரியை முழுக எண்ணெயில் போட்டு அணைத்து அணைத்து ஏற்றினார். கோயில் வாசல்வரை போய்ச் செருப்புக்குக் காவல் இருந்தேன். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன். சேகரைக் கூடத்தில் படுக்கச் சொன்னேன்.

"நான் லாரிக்காரன் லா. டீசல் நாத்தத்தத் தவிர எனக்கு எந்த நாத்தமும் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியுது" என்றேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு போனார்.

எங்களுக்கு ஒரே மகள், காயத்ரி. படிப்பை முடித்து அவளுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் என்ன வேண்டும் என்று கேட்டேன். தங்கச் சங்கிலி கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஒன்னே ஒன்னுதான்மா. பெர்ஹெந்தியான் தீவுக்குப் போலாம். என் கூட கடல்ல எறங்கு. ஆமை பாக்கலாம்."

"பையோட எப்படிடீ எறங்குறது?"

"சிஸ்டர்கிட்ட கேட்டுட்டேன். எறங்கலாமாம்."

சிஸ்டர் ரீத்தா உண்மையிலேயே சரி என்று சொல்லியிருந்தார். பையில் காற்று வெளியேற ஒரு சிறு துளை உண்டு. தண்ணீரில் இறங்கும் முன் அதன்மேல் அதற்கென்று தரும் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஓரங்களுக்குக் கூடுதலாக டேப். போகுமுன் பையைக் காலிசெய்துவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். இவை எனக்குச் சொன்னவை. உங்கள் தாதியை நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. என் கணக்கு வேறு. உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது. வெள்ளிக்கிழமை விரதமும் புரட்டாசிச் சனியும் இருந்து பழகிய உடம்பு இது. ஒன்றரை நாள் பட்டினி என்ன பெரிய விஷயம்?

அதிகாலையில் கிளம்பி, கோலா கங்சார், கிரிக் வழியாக மலையேறி இறங்கிக் கோலா பெசூட் படகுத்துறைக்குப் போனோம். வழியில் சேகரும் காயத்ரியும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டார்கள். கார் மலையேறுகிறது, குமட்டுகிறது என்றேன். தீவில் இரவுச் சாப்பாட்டுக்குக் களைப்பு என்றேன். மறுநாள் காலைக்கு, அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன். எந்தப் பொய்யும் மாட்டிக்கொள்ளவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

பத்து மணிக்குப் படகு கிளம்பியது. எங்களோடு வேறு ஆறு பேர். அலை சின்னதுதான். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே எனக்கு உடம்பு வியர்த்துக் காது அடைத்தது. அதோடு வயிற்றின் இடப்பக்கம் ஏதோ தூக்கியது. கையை வைத்துப் பார்த்தேன். சட்டைக்கு அடியில் பை பந்து மாதிரி உப்பியிருந்தது. மலம் இல்லை, முழுக்கக் காற்று. வருடக்கணக்காகக் கையுறையில் காற்றடைத்தவளுக்கு அடுத்து என்ன ஆகும் என்று தெரியாதா? வெளியேறும் துளையையும் நானே ஸ்டிக்கர் போட்டு அடைத்து வைத்திருந்தேன்.

"திரும்பச் சொல்லு" என்றேன் மகளிடம். "இப்பவே திரும்பச் சொல்லு."

படகோட்டி, ரம்லி என்று ஒரு மலாய்க்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் படகைத் திருப்பினார். மற்ற ஆறு பேரும் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவமானத்தில் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. இப்படி எழுதுவது தப்புதான், பிழைத்து வந்தவள் எழுதக் கூடாத வாக்கியம். ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது.

அறைக் கழிவறையில் பையின் வாயைத் திறந்து காற்றை வெளியே விட்டேன். வெளியே வந்தபோது காயத்ரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா எப்பச் சாப்ட்ட?"

"நேத்து..."

"பொய் சொல்லாதம்மா."

சொன்னேன். சேகர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதாள்.

"நாங்க ஒன்ன தள்ளி வச்சமாம்மா? நீதான எங்கள தள்ளி வச்ச. அப்பாவ கூடத்துல போட்ட. நான் வந்து கட்டிப் புடிச்சா முதுகக் காட்டுற. ஒன்றர வருசமா நான் ஒன்ன முன்னாலேர்ந்து கட்டிப் புடிக்கவே இல்ல, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. நோயோடு நான் மட்டும் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சிஸ்டர் ரீத்தாவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் குரலாக வந்தது. "அக்கா, வயிறு காஞ்சா காத்துதான் அடைக்கும். வெரதமெல்லாம் பைகிட்ட செல்லாது. போயி சோறு சாப்டுங்க." சேகர் அதை இரண்டாவது முறையும் போட்டுக் கேட்டார், எனக்காக.

சோறும் மீனும் சாப்பிட்டேன். ராத்திரியும் சாப்பிட்டேன். அடுத்த நாள் மதியம் நாங்கள் ஊர் திரும்ப வேண்டும், காலை மட்டும்தான் மிச்சம். அந்தக் காலை இரண்டு ரொட்டி தின்று, பையைக் காலிசெய்து, துளையில் ஸ்டிக்கரை ஒட்டி, மிதவை அங்கியைச் சேகர் கையால் கட்டிக்கொண்டு மறுபடியும் ரம்லியின் படகில் ஏறினேன். அவர் கைகொடுத்து ஏற்றிவிட்டார்.

படகின் ஏணியில் இறங்கினேன். காயத்ரி தண்ணீரில் மிதந்தபடி கையை நீட்டினாள். முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது. மூச்சு வாங்கும் குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

முதலில் பச்சை வெளிச்சம் மட்டும். பிறகு, அடியில் கடற்புல். "பென்யூ!" என்று ரம்லி மேலிருந்து கத்தினார். மலாயில் கடலாமைக்கு அதுதான் பெயர். மகள் என் கையை அழுத்திக் கீழே காட்டினாள்.

பாறை என்று நினைத்தது தலையைத் தூக்கியது. எங்கள் சமையலறை மேசை அளவு இருந்தது. ஓட்டில் பாசி படிந்திருந்தது. எங்களைப் பொருட்படுத்தாமல் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் தின்றது, அப்படி ஒரு நிதானம். கொஞ்ச நேரத்தில் முன்துடுப்பை ஒருமுறை அசைத்து மூச்சு வாங்க மேலே வந்தது, எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில். தலை நீருக்கு மேல் போனது, ஒரு மூச்சு, மறுபடி இறங்கியது. இறங்கும்போதே பின்னாலிருந்து பச்சையாக ஒரு மேகத்தை விட்டுவிட்டுப் போனது.

என்னவென்று புரிய ஒரு கணம் ஆனது. குட்டி மீன்கள் கூட்டமாக அதற்குள் பாய்ந்தன. ஆமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் சிரித்துவிட்டேன். குழாய் வாயிலிருந்து நழுவி, உப்புத் தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டே மேலே வந்தேன். காயத்ரி பயந்துபோய் என்னை முன்னாலிருந்து கட்டிப் பிடித்தாள்.

"என்னா மா? என்னா ஆச்சு?"

"அதுவும் போவுதுடீ" என்றேன். "பைகூட இல்ல அதுக்கு."

அவளும் சிரித்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பை இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை, நானும் விலகவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாமி அறைக்குள் இப்போது போகிறேன், ஆனால் சில நாள் வாசலில் கால் நின்றுவிடுகிறது. சேகர் கூடத்திலிருந்து திரும்பிவிட்டார், குறட்டையையும் கொண்டுவந்துவிட்டார். அடுத்த ஸ்கேன் மூன்று மாதத்தில் வருகிறது. முன்பெல்லாம் ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன், இடையில் இருந்த நாட்கள் எங்கே போயின என்றே தெரியாது. இப்போது உடம்பு தானே நேரம் சொல்கிறது. தின்றால் சில மணி நேரத்தில் பை நிறைகிறது. நிறைந்தால், இன்றைக்கும் உள்ளே எல்லாம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அன்று மதியம் கரைக்குத் திரும்பும் படகில் காயத்ரி என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஸ்டோமாவுக்குப் பிறகு எல்லோரையும் வலப்பக்கமே உட்காரவைத்தவள் நான். அன்று இடம் மாறச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் சரிந்து, என் மடியில் தலைவைத்துக் கண்ணை மூடினாள். காது பையின் மேலேயே இருந்தது. முந்தின ராத்திரி சாப்பிட்ட சோறு பைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. சட்டைக்கு அடியில் மெல்லச் சூடு பரவுவது எனக்குத் தெரிந்தது. கரைக்கு இன்னும் அரைமணி நேரம்.

"மா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "உள்ளுக்குள்ள என்னமோ ஓடுது."

"சோறுதான் லா" என்றேன். "நீ தூங்கு."